கட்டைக் கணக்கு: கரிசல் மண்ணில் வேலை அளக்கப்பட்ட வரலாறு

தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் முதலில் பார்ப்பது அதன் மேல் ஒட்டியுள்ள படத்தைத்தான். மயிலோ, சாவியோ, கப்பலோ ஏதோ ஒன்று. அதைத் திருப்பி, சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசிப்பவர்கள் குறைவு. வாசித்தால், உள்ளே சராசரியாக இத்தனை குச்சிகள் உள்ளன என்ற குறிப்பு அங்கே இருக்கும். மிகச் சிறிய விலைக்கு விற்கும் ஒரு பொருளின் உள்ளடக்கத்தைக்கூட எண்ணிச் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாட்டின் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்த இடம் கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் கழுகுமலையும் எட்டயபுரமும் அடங்கிய கரிசல் பூமி.

ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பதை அளப்பதற்கு இன்றைய மேலாண்மைக் கல்வி 'செயல்திறன் அளவீடு' என்று பெயர் சூட்டியிருக்கிறது. அதற்கென்று பாடநூல்களும் பட்டயங்களும் கணினி நிரல்களும் வந்துவிட்டன. ஆனால் வேலையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டே கூலியையும் இலாபத்தையும் தீர்மானிக்கும் முறை, இந்தப் பாடநூல்கள் எவையும் எட்டிப் பார்க்காத கரிசல் கிராமங்களில் பல தலைமுறைகளாகப் பழகிவந்த ஒன்று. அதைப் பற்றி எழுதப் புகும்போது எதை அளந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. எதை அளக்காமல் விட்டார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

தமிழுக்கு அளவு புதிதன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் அளவுப்பெயர், நிறைப்பெயர், எண்ணுப்பெயர் என்று மூன்றையும் வேறுபடுத்தி, அவை புணரும் முறைக்கு விதி வகுக்கிறது. முகந்து அளப்பது வேறு, நிறுத்து அளப்பது வேறு, எண்ணி அளப்பது வேறு என்ற தெளிவு இலக்கணத்திலேயே பதிவாகியிருக்கிறது. கரிசல் காட்டுச் சம்சாரியிடமும் இந்தத் தெளிவு இருந்தது. நிலத்தைக் குறுக்கம் என்று அளந்தான், தானியத்தை மரக்காலால் அளந்தான், பருத்தியை நிறுத்தான். மழையை அவன் அளந்த விதம் இன்னும் நுட்பமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் பூமி இது; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அரசாங்கம் மழைமானி வைத்து அளந்தது. சம்சாரியோ 'ஓர் உழவு மழை' என்றான். ஏர் இறங்குமளவுக்கு மண் நனைந்திருக்கிறதா என்பதே அவனுக்கு வேண்டிய செய்தி. எந்தக் காரியத்துக்காக அளக்கிறோமோ அந்தக் காரியமே அங்கு அளவுகோலாக இருந்தது.

களத்தில் நெல்லோ கம்போ சோளமோ அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கும் வழக்கத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். அளப்பவர் உரக்கச் சொல்லுவார். வாங்குபவர், கொடுப்பவர், களத்தில் வேலை செய்தவர் எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். பருத்தி எடுக்கப் போன பெண்கள் மாலையில் தாங்கள் எடுத்த பருத்தியைக் குவித்து, அதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் முறை பல ஊர்களில் இருந்தது. இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நாம் துணியவில்லை. வாங்குவதற்கு ஒரு மரக்காலும் கொடுப்பதற்கு ஒரு மரக்காலும் வைத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. யார் களத்தில் எங்கே நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆயினும் அந்த அளவு வெளிச்சத்தில் நடந்தது. ஏமாற்றப்பட்டவருக்கும் தாம் ஏமாற்றப்பட்டது கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த மண்ணுக்குத் தீப்பெட்டி வந்த கதை, ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது. 1922இல் ஆங்கில அரசு இறக்குமதித் தீப்பெட்டிகளின் மீதான சுங்கத்தை ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. குரோசு என்பது பன்னிரண்டு டஜன், அதாவது 144 பெட்டிகள். சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்த தீப்பெட்டியின் விலை ஏறியது. உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை உருவானது. அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சுவீடன் நிறுவனம் தன் இந்தியக் கிளையாக விம்கோவைத் தொடங்கியது. ஒரு பக்கம் உலகச் சந்தையைத் தன் பிடியில் வைத்திருந்த சுவீடன் நிறுவனத்தின் பெரிய எந்திர ஆலை. மறுபக்கம் வானம் பார்த்த பூமியில் கைகளை மட்டும் நம்பிய சிறு பட்டறைகள். கைகள் வென்றன என்று பெருமையோடு சொல்வது நம் வழக்கம். அந்தக் கைகள் எவ்வளவு சிறியவை என்பது பிறகு வரும்.

கரிசலில் இத்தொழில் வேர்விட்டதற்கான காரணங்கள் நாமறிந்தவை. ஈரப்பதம் குறைந்த வறண்ட காற்று மருந்து காய்வதற்கு உகந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் வேலையற்ற கைகள் ஏராளம். வணிகத்தில் தேர்ந்த ஒரு சமூகத்தின் கடன், உறவு வலைப்பின்னல்களும் துணை நின்றன. குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வந்தது. மக்கள் இத்தொழிற்கூடங்களைத் தொழிற்சாலை என்று அழைக்கவில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றார்கள். 'ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்' என்று ஒரு சிறுமி சொன்னால் கோவில்பட்டிப் பக்கத்தில் எவரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளமாட்டார்கள்.

ஆபீசின் உள்ளே வேலை சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குச்சிகளைக் கட்டையில் அடுக்குவது ஒரு வேலை. அடுக்கிய கட்டையை மெழுகிலும் பின்பு மருந்திலும் முக்குவது வேறொரு வேலை. அது பெரும்பாலும் ஆண்களுடையது. அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பது, பெட்டியின் பக்கத்தில் மருந்து பூசுவது, டஜனாகக் கட்டுவது, 600 பெட்டிகள் கொண்ட பண்டலாகப் போடுவது என்று வரிசை நீளும். ஒவ்வொரு படிக்கும் தனி எண்ணிக்கை, தனிக் கூலி. அடுக்குபவருக்குக் கட்டைக் கணக்கு. ஒட்டுபவருக்கும் அடைப்பவருக்கும் குரோசுக் கணக்கு. கணக்குப்பிள்ளையின் நோட்டில் பெயருக்கு எதிரே கோடுகளாகவும் எண்களாகவும் அந்த நாள் பதிவாகும்.

கட்டை என்ற அந்தக் கருவியை நின்று நோக்க வேண்டும். மெல்லிய சக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிய மரச்சட்டம் அது. ஒவ்வொரு சக்கையிலும் வரிசையாகக் குழிகள். குழிக்கு ஒரு குச்சி. மருந்தில் முக்கும்போது குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருப்பதற்காகச் செய்யப்பட்ட கருவிதான். ஆனால் அதுவே ஓர் எண்ணும் கருவியாகவும் ஆகிவிட்டது. குழிகளின் எண்ணிக்கை நிலையானது. ஆகவே நிறைந்த கட்டை ஒன்றைப் பார்த்தாலே எத்தனை குச்சிகள் என்று சொல்லிவிடலாம். ஒரு குழி காலியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேலையைச் செய்யும் கருவியே வேலையை அளக்கவும் செய்கிறது. அதனால் மேற்பார்வைக்கு ஆள் மிச்சம். நேரம் பார்க்கக் கடிகாரமும் வேண்டியதில்லை.

இதன் அருமை உலகத் தொழில் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். 1832இல் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் எந்திரங்களையும் உற்பத்தியையும் பற்றி எழுதிய நூலில், குண்டூசி செய்யும் தொழிலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தையும் கூலியையும் அட்டவணையிட்டார். கடினமான படிக்கு மட்டும் கூடுதல் கூலி தந்து, எளிய படிகளைக் குறைந்த கூலிக்குச் செய்யக்கூடியவர்களிடம், பெண்களிடமும் சிறுவர்களிடமும், கொடுத்தால் செலவு குறையும் என்ற கணக்கு அந்த அட்டவணையில் அடங்கியிருந்தது. 1911இல் அமெரிக்காவின் பிரெடரிக் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து வேலையை ஒழுங்குபடுத்தும் தம் முறையை நூலாக வெளியிட்டார். டெய்லருக்குக் கடிகாரத்தோடு அருகில் நிற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டான். கட்டைக் கணக்கில் அந்த ஆள் தேவையில்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று ஆனபின் அடுக்குபவளே தன்னை விரட்டிக்கொள்வாள். ஒரு கட்டையோடு எழுந்துவிடலாம் என்று நினைப்பவளை வீட்டு அடுப்பு இரண்டாவது கட்டைக்கு உட்கார வைக்கும்.

இதே கோவில்பட்டியில் நூற்பாலைகளும் இருந்தன. கரிசல் பருத்தியை நம்பி எழுந்தவை அவை. 1901இல் இங்கே தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வு நிலையமும் பருத்தியை மையமாகக் கொண்டே வளர்ந்தது. ஆலை வேலை நேரக் கணக்கில் ஓடியது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும். மறுசங்கு ஊதினால் வெளியே வரலாம். நேரத்தை அளவாகக் கொண்ட வேலையில் கொடுமை இல்லை என்பதன்று. ஆனால் அங்கே பேரம் பேசுவதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் இருந்தது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கோரிக்கைகளாக இருந்தன, வென்றும் வந்தார்கள். சங்கு ஊதும் நேரம் ஊருக்கே கேட்கும். அதை மாற்று என்று ஆயிரம் பேர் ஒரே குரலில் கேட்க முடியும். கட்டைக் கணக்கோ ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பக்கத்தில் இருப்பவள் ஏழு கட்டை அடுக்கினாள், நீ ஐந்துதான் என்றால், குறை முறையிலன்று, உன் விரலில் என்றே தோன்றும். அளவு தனியாளாகிவிட்டால் குறையும் தனியாளுடையதாகிவிடுகிறது.

தீப்பெட்டித் தொழிலாளர் திரண்டதில்லையா என்றால், உலகமே அறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. அதற்கும் தமிழ்நாட்டுக்கும் உறவுண்டு. 1888இல் இலண்டன் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் நிலையைத் தம் இதழில் எழுதி ஊரறியச் செய்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்து, தன்னாட்சி இயக்கம் கண்டவர். அம்மையார் செய்தது பெரிய ஆராய்ச்சியன்று. தொழிலாளரின் வாரக் கூலியை, அதில் தண்டமாகப் பிடிக்கப்பட்டதை, பங்குதாரர்களுக்குக் கிடைத்த இலாபப் பங்கை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தார். வெவ்வேறு நோட்டுகளில் கிடந்த எண்கள் ஒரே பக்கத்துக்கு வந்தபோது அவை பேசத் தொடங்கின. அளவீடு தொழிலாளிக்கும் பயன்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிறுவனம் தன் கணக்கில் சேர்க்காத ஒன்றையும் அவர்கள் உடம்பிலேயே சுமந்தார்கள்: வெண்பாஸ்பரசின் நஞ்சு தாடையெலும்பை அரிக்கும் நோய். இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்துவிட்டது. ஆகவே கரிசலில் எழுந்த தொழில் தொடக்கத்திலிருந்தே செம்பாஸ்பரசைப் பயன்படுத்தும் பாதுகாப்புத் தீக்குச்சித் தொழில். அந்த ஓர் ஊழிலிருந்து நம் பெண்கள் தப்பினார்கள்.

வேறோர் ஊழிலிருந்து தப்பவில்லை. கட்டைக்கு வயது தெரியாது. நிறைந்த கட்டையைப் பார்த்து, இதை அடுக்கியது நாற்பது வயதுக் கையா, எட்டு வயதுக் கையா என்று எவராலும் சொல்ல முடியாது. பிஞ்சு விரல்கள் விரைவாக அடுக்கும் என்று ஒரு நியாயமும் பிறந்தது. விடியுமுன் வண்டிகள் கிராமம் கிராமமாகச் சென்று பிள்ளைகளை ஏற்றி வந்தன. இருட்டியபின் திருப்பி விட்டன. 1983இல் சுமித்து கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதிய கட்டுரை நாடு முழுதும் பேசப்பட்டது. 1991இல் மைரன் வீனர் இந்தியாவில் குழந்தையும் அரசும் பற்றி எழுதிய நூலிலும் சிவகாசி இடம்பெற்றது.

இந்த எழுத்துகளையும் அரசு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒரு செய்தி நெஞ்சில் தைக்கிறது. மொத்தம் எத்தனை குழந்தைகள் வேலை செய்தார்கள் என்பதில் ஒருவர் சொன்ன எண்ணும் மற்றொருவர் சொன்ன எண்ணும் பொருந்துவதில்லை; ஆயிரக்கணக்கில் வேறுபடும். குச்சிக்குக் கணக்கு இருந்தது. பெட்டிக்கு, டஜனுக்கு, குரோசுக்கு, பண்டலுக்குக் கணக்கு இருந்தது. குழந்தைக்கு மட்டும் உத்தேசம். பல இடங்களில் பிள்ளை அடுக்கிய கட்டை தாயின் பெயரிலேயே ஏறியது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்குக் குழந்தை இருந்த சுவடே தெரியாது. இதை மறதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. எதை அளந்தால் கேள்வி வருமோ அதை அளக்காமலிருப்பதும் ஒரு முறைதான்.

அரசின் அளவீடும் இதற்குத் துணைபோயிற்று. வேண்டுமென்று அன்று, தன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் அளந்ததால். 1934இல் தீப்பெட்டி மீது உற்பத்தி வரிச் சட்டம் வந்தது. பெட்டியில் உள்ள குச்சிகளின் சராசரி எண்ணிக்கை நாற்பதா, அறுபதா, எண்பதா என்று பார்த்து, குரோசுக்கு இவ்வளவு என வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியின் மேலும் பேண்ட்ரோல் என்ற சீட்டு ஒட்டப்பட்டது. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட 'சராசரி' என்ற சொல் இத்தொழிலுக்குள் சட்டத்தின் வழியே வந்தது இப்படித்தான். நுகர்வோர்மீது கொண்ட அன்பைவிடக் கருவூலத்தின் தேவையே அதைப் பெற்றெடுத்தது.

பின்னர், பெரிய ஆலைகளிடமிருந்து சிறிய பட்டறைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடு, உற்பத்தியின் அளவைக் கொண்டு தொழிற்கூடங்களை வகைப்படுத்தி, சிறியவற்றுக்கு வரிச்சலுகை தரப்பட்டது. விளைவு என்ன? சிறியதாக இருப்பது இலாபம் என்று ஆனவுடன், பெரியவர்கள் சிறியவர்களாகப் பிரிந்தார்கள். ஒரே முதலாளியின் ஆபீஸ் உறவினர் பெயர்களில் பல ஆபீசுகளாக உருமாறியதை ஆய்வாளர் பலரும் சுட்டியிருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று வரையறுத்தது. அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே தங்கிவிடுவதும் ஒரு வழியாயிற்று. பெட்டி ஒட்டும் வேலையோ ஆபீசைவிட்டே வெளியேறி வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று. திண்ணையில் எத்தனை பேர் ஒட்டுகிறார்கள் என்று எந்தச் சட்டம் எண்ணும்? 1975இல் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட், ஓர் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கினால் அந்த அளவு தன் பொருளை இழந்துவிடும் என்ற கருத்தைப் பணக்கொள்கையை முன்வைத்துச் சொன்னார். அது இன்று அவர் பெயரால் விதியாக வழங்குகிறது. கரிசல்காட்டுத் தீப்பெட்டி ஆபீசுகள் அந்த விதிக்கு அது பிறக்கும் முன்பே உரை எழுதிவிட்டன எனலாம்.

அதே பிள்ளைகளை எண்ணும் இன்னொரு நோட்டும் இந்தப் பூமியில் இருந்தது. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. 1956இல் முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்பதற்காக மட்டுமே அவ்வூரை நினைவில் வைத்திருக்கிறோம். இதற்காகவும் வைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் பெயர் காலையில் எந்த நோட்டில் ஏறும்? கட்டைக் கணக்கிலா, வருகைப் பதிவேட்டிலா? ஒன்றில் ஏறினால் மாலையில் கூலி. மற்றதில் ஏறினால் மதியம் சோறு, பத்தாண்டு கழித்து வேறு வாழ்க்கை. மழை பெய்த ஆண்டுகளில் பதிவேடும் பொய்த்த ஆண்டுகளில் கட்டையும் வென்றிருக்கும் என்று ஊகிக்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. முடிவில் பதிவேடே வென்றது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

அந்த வெற்றியில் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது நிறையாதவர்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகிய பொதிகட்டும் வேலையில் குழந்தைகளை அமர்த்தலாம் என்றும், வளர்ந்தவருக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது அவர்களுக்குத் தர வேண்டும் என்றும் கூறியது. குழந்தையின் உழைப்புக்கு நாட்டின் உயர்ந்த மன்றம் அன்று கண்ட அளவு அது. ஆறாண்டு கழித்து 1996 டிசம்பரில் அதே வழக்கில் தீர்ப்பு வேறு திசையில் திரும்பியது: வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும், குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். எந்தக் கணக்கிலும் ஏறாதிருந்த குழந்தை அன்று முதலாளியின் செலவுக் கணக்கில் ஏறியது. அதுவரை விடை தெரியாதிருந்த 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கு அதன்பின் கணக்கெடுப்புகள் நடந்தன என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு கடமை இருக்கிறது. கோவில்பட்டியைச் சுற்றிய சில கல் தொலைவுக்குள் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி என்று எழுத்தாளர்கள் பிறந்தும் வாழ்ந்தும் வந்தது எப்படி என்று வியந்து பேசுகிறோம். வியப்போடு நின்றுவிடுகிறோம். கணக்குப்பிள்ளையின் நோட்டில் ஏறாததை ஏற்றிய வேறு நோட்டுகள் அவை. பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியது. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து 2008இல் 'பூ' என்ற படம் உருவானபோது, ஒரு கரிசல் பெண் தமிழ்த்திரையின் நடுவில் வந்து நின்றாள். எத்தனை கட்டை அடுக்கினாள் என்பதன்று, அடுக்கும்போது அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதே கதைக்கு வேண்டிய கணக்கு. இதைப் புள்ளிவிவரத்துக்கு மாற்று என்று நாம் சொல்லவில்லை. கதை மட்டும் இருந்திருந்தால் 1996 தீர்ப்பு வந்திராது. புள்ளிவிவரம் மட்டும் இருந்திருந்தால் யாருக்காக அந்தத் தீர்ப்பு என்பது நமக்கு விளங்கியிராது.

தீப்பெட்டித் தொழிலின் அளவுகள் இன்று வேறு முகம் கொண்டுவிட்டன. குச்சி அடுக்குவதையும் முக்குவதையும் பெட்டி அடைப்பதையும் எந்திரங்கள் பெருமளவு எடுத்துக்கொண்டன. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கையால் செய்ததற்கு 5 விழுக்காடு, எந்திரத்தில் செய்ததற்கு 18 விழுக்காடு என இரு வகையாக இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 விழுக்காடாக ஒன்றுபட்டன. எது கைவேலை, எது எந்திரவேலை என்ற பழைய வழக்கு அத்தோடு பொருளற்றுப் போயிற்று. 2007இல் ஒரு ரூபாயான பெட்டி 2021 டிசம்பர் வரை பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்தது. தேவைப்படும் 14 வகை மூலப்பொருள்களும் விலையேறிவிட்டன, கிலோ 425 ரூபாயாக இருந்த செம்பாஸ்பரஸ் 810 ரூபாயாகிவிட்டது என்று கணக்குக் காட்டியே உற்பத்தியாளர்கள் இரண்டு ரூபாயாக உயர்த்தினார்கள். மலிவான லைட்டர்களால் தொழில் நசிகிறது என்ற முறையீட்டின் பேரில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மைய அரசு தடை செய்தது. மூலப்பொருள் ஒவ்வொன்றின் விலையும் ஆண்டுவாரியாகச் சொல்லப்பட்ட அந்த விவாதங்களில், அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பெட்டி அடைத்தவளின் கூலி எவ்வளவு ஏறியது என்ற எண் நம் கண்ணில் அரிதாகவே பட்டது.

1992இல் அமெரிக்க மேலாண்மை அறிஞர்கள் காப்லனும் நார்ட்டனும், பணத்தை மட்டும் அளந்து ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவது போதாது என்று சொல்லி, வாடிக்கையாளர், உள்வேலைமுறை, கற்றல் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கும் ஓர் அட்டையை முன்வைத்தனர். நல்ல முன்னேற்றந்தான். ஆனால் எத்தனை கட்டங்களைச் சேர்த்தாலும் கட்டங்களை வரைபவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உழவு மழை என்று அளந்தவன் உழப்போகிறவன். கட்டைக் கணக்கை வைத்திருந்தவர் கட்டை அடுக்காதவர். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டாதது எதுவோ அதற்கு அளவே பிறப்பதில்லை என்பதுதான் இந்த நூறாண்டு நமக்குச் சொல்வது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தாயாரை அழைத்து வந்திருந்தாள். பேச்சுவாக்கில் கட்டை அடுக்கிய காலத்தைப் பற்றிக் கேட்டோம். ஒரு கட்டைக்கு எவ்வளவு கூலி, அது எந்த முதலாளி காலத்தில் எத்தனை பைசா ஏறியது, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தாம் எத்தனை கட்டை வரை அடுக்கினார் என்பதையெல்லாம் அந்த அம்மாள் தடையின்றிச் சொன்னார். விண்ணப்பத்தில் தாயின் வயது என்ற இடம் வந்தபோது மகள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாள் சற்று யோசித்தார். 'நான் ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சப்ப எனக்குப் பல்லு விழுந்து முளைச்சிக்கிட்டு இருந்துச்சு. அதுல இருந்து நீயே கூட்டிப் போட்டுக்கோத்தா' என்றார்.